பச்சைக்குள் ஊதா: ஸ்டிக்டைட்டைப் பார்ப்பது எப்படி?

ஸ்டிக்டைட் என்ற கனிமத்தைக் கையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதன் ஊதாவிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். மயங்கக்கூடிய நிறம்தான். கத்தரிப்பூ ஊதா, ஆங்காங்கே ரோஜாச் சாயல், சுற்றிலும் செர்பென்டைன் பாறையின் பச்சை. ஆனால் நான் முதலில் தேடச் சொல்வது, அந்த ஊதாவின் நடுவில் கிடக்கும் கறுப்பு மணியைத்தான்.

அது குரோமைட். மெக்னீசியம் நிறைந்த ஆழ்நிலப் பாறை நீரேறி செர்பென்டைனாக மாறும். கார்பனேட் கரைந்த நீர் அதற்குள் ஊடுருவும்போது குரோமைட் மணிகள் விளிம்பிலிருந்து சிதையத் தொடங்கும். அவை விட்டுக்கொடுக்கும் குரோமியம், அக்கம்பக்கத்து மெக்னீசியத்தோடு சேர்ந்து ஸ்டிக்டைட் ஆகிறது. நடுவே கறுப்பு, அதைச் சுற்றி ஊதா, வெளியே பச்சை என்று ஒரே துண்டில் தெரிந்தால் கல் தன் பிறப்பையே காட்டிக்கொண்டிருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பகல் வெளிச்சமும் போதும்.

அடுத்து, மென்மை. மோஸ் அளவில் கடினம் 1.5 முதல் 2 வரைதான், நகமே கீறிவிடும். காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. மெக்னீசியமும் குரோமியமும் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து தாள்தாளாகப் படிந்திருக்கின்றன. மெக்னீசியத்தைவிடக் குரோமியத்துக்கு ஒரு நேர்மின்சுமை கூடுதல். அதை ஈடுகட்டத் தாள்களுக்கு இடையே கார்பனேட்டும், கூடவே நீரும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இடைவெளியில் பிடிப்பு குறைவு. அதனால்தான் தடவினால் வழவழப்பு, பார்த்தால் மெழுகும் முத்தும் கலந்த மினுக்கம். மெல்லிய செதிலை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். அபிரகம் போலத் துள்ளித் திரும்பாது. நல்ல மாதிரியில் இதையெல்லாம் சோதித்துப் பார்க்காதீர்கள், உதிர்ந்த துணுக்கு போதும்.

நிறத்துக்கு வருவோம். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் காரணமான அதே மும்மின் குரோமியம்தான் இங்கே ஊதா தருகிறது. சுற்றியிருக்கும் அணுக்கள் மாறினால் அது விழுங்கும் ஒளியும் மாறிவிடும். இதைவிட வியப்பானது, ஸ்டிக்டைட் முதலில் அறியப்பட்ட டாஸ்மேனியாவின் டண்டாஸ் பகுதியிலேயே குரோகாய்ட் என்ற கனிமமும் கிடைப்பது. அதில் ஆறு மின்சுமை ஏறிய குரோமியம் ஈயத்தோடு சேர்ந்து நெருப்புச் செம்மஞ்சளில் ஊசிகளாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள்.

டாஸ்மேனியாவின் மவுண்ட் லயல் சுரங்க நிறுவனத்தின் வேதியியலாளராக இருந்த வெஸ்லி ஸ்டிக்டைட்டை அடையாளம் கண்டார். 1910இல் கனிமவியலாளர் பெட்டர்ட் விவரித்தார். பெயர், அந்தச் சுரங்கத்தை நடத்திய அமெரிக்க உலோகவியலாளர் ராபர்ட் கார்ல் ஸ்டிக்ட் என்பவருடையது. தாதுவில் இருக்கும் கந்தகமும் இரும்பும் எரியும் வெப்பத்தையே கொண்டு செம்பு உருக்கும் முறையை அங்கே செம்மைப்படுத்தியவர் அவர்.

கடைகளில் செர்பென்டைனோடு சேர்த்து அறுத்த கல்லை ‘அட்லாண்டிசைட்’ என்ற வணிகப் பெயரில் விற்கிறார்கள். மெருகிட்ட முகத்தைச் சாய்த்துப் பாருங்கள்: ஊதாப் பகுதி பச்சையைவிட மென்மை என்பதால் சற்றே உள்வாங்கியிருக்கும். அதைக் குறையென்று ஒதுக்க வேண்டாம். சாரோயைட் என்ற கல்லோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: அதுவும் ஊதாதான், ஆனால் அதில் நகம் இறங்காது. இன்னொரு எச்சரிக்கை: ஸ்டிக்டைட்டை அமிலம் கலந்த எதிலும் கழுவாதீர்கள். கார்பனேட் இருப்பதால் நுரைத்துக் கரையும்.

தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன், மொராக்கோவின் பூ அஸர், ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகள் ஆகிய இடங்களிலும் இது கிடைக்கிறது. பார்பர்டன் கல்லில் தாள்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு என்பதால் பார்பர்டனைட் என்று தனிக் கனிமமாகவே நெடுங்காலம் எண்ணினார்கள். 2011இல் வெளிவந்த மறுஆய்வு, இரண்டும் ஒரே கனிமத்தின் இரு அடுக்குமுறைகள் என்று காட்டியது. உங்களிடம் பார்பர்டனைட் என்று எழுதிய பழைய மாதிரி இருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். புதிய பெயரை இன்னொரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.