பத்து நொடிக் குதிரை: ஒரு பிரபலமான டேட்டா கதையில் விடுபட்டவை

சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் எழுதி 2017-ல் வந்த ‘எவ்ரிபடி லைஸ்’ புத்தகத்தை மென்பொருள் துறையில் இருக்கும் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள்கூட அதில் வரும் குதிரைக் கதையை ஏதாவது ஒரு பிரசன்டேஷனில் கேட்டிருப்பீர்கள். கதை இதுதான். 2013 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் பந்தயக் குதிரைக் குட்டிகளின் ஏலம். அகமது ஸயாத் என்ற உரிமையாளர் தன்னிடம் பிறந்த குட்டி ஒன்றை அங்கே விற்க வைத்திருக்கிறார். ஜெஃப் செடர் என்பவரின் ஆலோசனைக் குழு ஏலத்துக்கு வந்த குட்டிகளை அளந்து பார்த்துவிட்டு, “வேறு எதை விற்றாலும் 85-ஆம் எண்ணை மட்டும் விற்காதீர்கள்” என்கிற பாணியில் மன்றாடுகிறது. ஸயாத் தரப்பே 3 லட்சம் டாலருக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தக் குட்டிதான் அமெரிக்கன் ஃபேரோ. 2015-ல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஜெயித்து, 37 வருஷமாக யாருக்கும் கிடைக்காத டிரிபிள் கிரௌனை வாங்கியது.

செடர் மூக்குத் துவாரத்தின் அளவிலிருந்து லத்தியின் எடை வரைக்கும் எதையெதையோ அளந்து பார்த்தவர். கடைசியில் கையில் தூக்கிப் போகிற அல்ட்ராசவுண்ட் கருவியால் இதயத்தை அளந்தபோதுதான் பலன் கிடைத்தது. இடது கீழறை பெரிதாக உள்ள குதிரைகள் நன்றாக ஓடின. 85-ஆம் எண் குட்டிக்கு அது அசாதாரணமாகப் பெரிதாக இருந்தது. வம்சாவளியைப் பார்த்து வாங்கும் பழைய ஆட்களை, அளவெடுத்த புதிய ஆள் ஜெயித்தார் என்பதே நமக்குச் சொல்லப்படும் பாடம்.

கதை உண்மைதான். பாடம்தான் எனக்கு இடிக்கிறது. கொஞ்ச நாளாக இந்த ஏலங்களைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பட்டது இது: வாங்குபவர் என்ன அளக்கிறார் என்பது பாதிக் கதை. அந்த அளவுக்காக விற்பவர் குட்டியை என்ன செய்து கொண்டுவருகிறார் என்பது மீதிப் பாதி. அந்த மீதியைச் சேர்த்தால் செடரின் வெற்றிக்கே வேறு விளக்கம் வருகிறது.

ஏலத்துக்கு முந்தைய 90 நாள்

வட அரைக்கோளத்தில் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-ல் வயது ஒன்று கூடும். ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது. ஏலத்தில் நாலு மாத வளர்ச்சி வித்தியாசத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இது முதல் சிக்கல்.

யேர்லிங் என்று சொல்லப்படும் ஒரு வயதுக் குட்டிகளை ஏலத்துக்கு முன்னால் இரண்டு, மூன்று மாதம் தனியாகத் தயார் செய்வார்கள். பகலில் வெயில் பட்டால் ரோமம் வெளுக்கும் என்று லாயத்துக்குள் வைத்து, ராத்திரியில் மேயவிடுவார்கள். தினமும் நடைப்பயிற்சி, பிரஷ் போட்டுத் தேய்ப்பு, கணக்குப் பார்த்துத் தீவனம். நாலு காலும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே பின்னே வைத்து நிற்கவும், நீளமாக எட்டி வைத்து நடக்கவும் பழக்குவார்கள். இதில் பெரிய தப்பு எதுவும் இல்லை. மாட்டுச் சந்தைக்கு வரும் பசுவின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவது மாதிரிதான். ஆனால் பால் கறக்காமல் மடியை நிரப்பிக் கொண்டுவருவதும் அதே சந்தையில்தான் நடக்கிறது. கொம்புக்கு எண்ணெய் தடவுவது அலங்காரம். மடியை நிரப்புவது அளவுகோலையே கெடுப்பது. குதிரை ஏலத்தில் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

காலை எடுத்துக்கொள்ளுங்கள். நேரான காலுக்கு நல்ல விலை. அதனால் குட்டி சில மாத வயதில் இருக்கும்போதே வளர்ச்சித் தட்டில் திருகு வைத்துக் காலை நேராக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ரொம்பக் கோணலாக இருந்தால் அது அவசியமும்கூட. ஆனால் 2004-ல் ஆண்டர்சன், மெக்கில்ரைத் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முன்னங்கால் முட்டி லேசாக உள்பக்கம் சாய்ந்து அதற்குக் கீழே கால் வெளிப்பக்கம் விலகியிருந்த குதிரைகளுக்கு, முட்டியில் எலும்பு முறிவும் வீக்கமும் குறைவாகவே வந்தது தெரிந்தது. அப்படியென்றால், கண்ணுக்குக் குறையாகத் தெரியும் லேசான சாய்வு காலுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கலாம். அதை நேராக்கினால் ஏலத்தில் விலை கூடும். பந்தயத்தில் அந்தக் காலுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி வரும்போது விற்றவர் அங்கே இருக்க மாட்டார்.

ஒரு ஃபர்லாங், பத்து நொடி

இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு வயதில் குட்டியை வாங்கி, பயிற்சி கொடுத்து, சில மாதத்தில் கூடுதல் விலைக்கு விற்பதற்கு ‘பின்ஹுக்’ என்று பெயர். ஏலத்துக்குச் சில நாள் முன்னால் குதிரைகளை ஓட்டிக் காட்டுவார்கள். ஓடி வேகம் பிடித்த பிறகு ஒரு ஃபர்லாங்கை, அதாவது 201 மீட்டரை, மட்டும் நேரம் பிடிப்பார்கள். பத்து நொடிக்குப் பக்கத்தில் வந்தால் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

2006 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் கால்டர் மைதானத்தில் ஒரு குதிரை அதை 9.8 நொடியில் ஓடியது. மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர் வேகம். ஒரு வயதில் 4,25,000 டாலருக்கு வாங்கப்பட்டிருந்த அந்தக் குதிரை, ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியது கூல்மோர் தரப்பு. பிறகு ‘தி கிரீன் மங்கி’ என்று பெயரிடப்பட்ட அது, முதல் பந்தயத்துக்கு வரவே 2007 செப்டம்பர் ஆகிவிட்டது. மொத்தம் மூன்று பந்தயம். ஒன்றிலும் வெற்றி இல்லை. சம்பாதித்தது 10,440 டாலர்.

இந்த ஒரு குதிரையை வைத்து ‘நேரம் பிடிப்பதே வீண்’ என்று நான் சொன்னால், அமெரிக்கன் ஃபேரோவை வைத்து ‘டேட்டா ஜெயித்தது’ என்பவர்கள் செய்வதையே நானும் செய்வதாக ஆகும். 1975-ல் 17,500 டாலருக்கு விற்ற சியாட்டில் ஸ்லூ டிரிபிள் கிரௌன் வாங்கியது, 1,100 டாலருக்கு விற்ற ஜான் ஹென்றி 65 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தது என்று இந்தத் துறையில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பக்கமும் கதை சொல்லிக்கொண்டே போகலாம், ஒன்றும் நிரூபணமாகாது.

கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கென்டக்கி டெர்பி 10 ஃபர்லாங். அதன் சாதனை நேரம் இன்றைக்கும் 1973-ல் செக்ரடேரியட் ஓடிய 1 நிமிடம் 59.4 நொடிதான். ஃபர்லாங்குக்குச் சராசரி 11.9 நொடி. அப்படியானால் ஏலத்தில் அளக்கப்படும் வேகம், அந்தக் குதிரை பெரிய பந்தயத்தில் ஓடவே போகாத வேகம். 9.8-க்கும் 10-க்கும் இடையே உள்ள வித்தியாசம் நாலு மீட்டர். அந்த நாலு மீட்டருக்காகவே மாதக்கணக்கில் ஒரு குட்டியைப் பழக்க முடியும். நம்ம ஊர் மொழியில் சொன்னால், இது டெமோவுக்காகவே எழுதின கோடு. புரொடக்‌ஷனில் என்ன ஆகும் என்று டெமோ சொல்லாது.

இரண்டு வயதில் குதிரையை ஓட்டுவதே கொடுமை என்ற வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இளம் எலும்பு சுமைக்கு ஏற்ப தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும், அளவான பயிற்சி நல்லதே செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலப்படுத்தலுக்கு நேரம் வேண்டும். பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டும் வேலை, ஏலத் தேதியைப் பார்த்து வேகமாக நடக்காது.

எக்ஸ்ரேயைத் திருத்தும் மருந்து

இதில் என்னை உண்மையிலேயே தொந்தரவு செய்தது பிஸ்பாஸ்போனேட் விவகாரம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் அதே வகை மருந்து. அமெரிக்காவில் 2014-ல் குதிரைகளுக்கு அனுமதி கிடைத்தது, நாலு வயதுக்கு மேற்பட்ட குதிரைகளின் ஒரு குறிப்பிட்ட பாத நோய்க்கு. ஆனால் ஏலத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட எக்ஸ்ரே படங்களை வாங்குபவரின் மருத்துவர் பார்க்கிறார். கணுக்காலுக்குப் பின்னால் உள்ள சின்ன எலும்பில் கருமை தெரிந்தால் விலை விழும். அதனால் இந்த மருந்தை ஒரு வயதுக் குட்டிகளுக்கே கொடுத்துப் படத்தைச் சுத்தமாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

இந்த மருந்து எலும்பைக் கரைக்கும் செல்களைத் தடுக்கிறது. நுண்ணிய விரிசல் விழுந்த பழைய எலும்பை அகற்றுவதும் அதே செல்கள்தான். மருந்து போட்டால் படம் நன்றாகத் தெரியலாம், உள்ளே பழுதுபார்ப்பு நின்றுபோகலாம். வலியையும் அது குறைப்பதால் குதிரை நொண்டிக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. அந்தக் குதிரையின் மேல் பின்னால் ஒரு ஜாக்கி உட்காரப் போகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2019-ல் கீன்லேண்ட், ஃபாசிக்-டிப்டன், ஓபிஎஸ் ஆகிய மூன்று பெரிய ஏல நிறுவனங்களும் நாலு வயதுக்குக் குறைந்த குதிரைகளுக்கு இந்த மருந்து போட்டு விற்கத் தடை கொண்டுவந்தன. தடை வேண்டியிருந்தது என்பதே சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. எக்ஸ்ரே மோசமான அளவுகோல் இல்லை, நல்ல அளவுகோல். அதில் பணம் தொங்கியதால் அதுவே சிகிச்சையின் இலக்காக மாறிவிட்டது.

அப்படியானால் செடர் செய்தது என்ன?

இப்போது அந்த அத்தியாயத்துக்குத் திரும்பலாம். இடது கீழறையின் பலம் அது ‘பிக் டேட்டா’வில் கிடைத்தது என்பதில் இல்லை. தொண்ணூறு நாள் நடைப்பயிற்சியாலும் பிரஷ்ஷாலும் ஒரு வயதுக் குட்டியின் இதயத்தைப் பெரிதாக மாற்றிக் காட்ட முடியாது. விற்பவர்களும் அதற்காகத் தயார் செய்துகொண்டு வரவில்லை. தயாரிப்பு கைவைக்காத இடத்தில் அளந்ததால் அந்த எண் உண்மையைச் சொன்னது. புத்தகம் இதை ‘எதை அளப்பது’ என்ற புத்திசாலித்தனமாக மட்டும் பார்க்கிறது. எதிரே ஒரு விற்பவர் இருக்கிறார், அவரும் கற்றுக்கொள்வார் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. எல்லா மருத்துவரும் ஸ்கேன் எடுக்கத் தொடங்கினால், பெரிய இதயத்துக்கான கூடுதல் விலை ஏலம் தொடங்கும் முன்பே ஏறியிருக்கும். பெரிய இதயத்துக்காகவே இனச்சேர்க்கை செய்வதும் ஆரம்பிக்கும்.

அப்படியானால் அளவை மறைத்துவிடலாமா? ஐரோப்பிய இரண்டு வயது ஏலங்களில் ஏல நிறுவனம் அதிகாரப்பூர்வமாக நேரம் அறிவிக்காமல் இருப்பதே பழைய வழக்கம். விளைவு? வாங்குபவர்கள் தாங்களே கடிகாரம் கொண்டுவந்து நேரம் பிடிக்கிறார்கள். வசதி உள்ளவருக்கு எண் தெரியும், சின்ன ஆளுக்குத் தெரியாது. குட்டிகளின் மேல் உள்ள அழுத்தம் அப்படியே இருக்கிறது.

எனக்குத் தோன்றும் வழி வேறு. பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைக் கேட்பது. இன்றைக்கு விற்பவர்களின் விளம்பரங்களில் அவர்களிடமிருந்து போய் ஜெயித்த குதிரைகளின் பட்டியல் வரும். அதே வருஷம் அவர்கள் விற்ற மொத்தக் குதிரைகள் எத்தனை, அதில் பந்தயத்துக்கே வராதவை எத்தனை, நாலு வயதிலும் ஓடிக்கொண்டிருந்தவை எத்தனை? ஏலப் பதிவும் பந்தயப் பதிவும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு அட்டவணையை இணைக்கும் வேலைதான். ஏல நிறுவனமே கேட்டலாக்கில் ஒவ்வொரு விற்பவரின் பெயருக்கும் கீழே இதை அச்சடித்தால், சுத்தியல் விழுந்த பிறகும் அந்தக் காலுக்கு விற்றவர் பொறுப்பு என்று ஆகும். அடுத்த வருஷம் அவருக்குக் கிடைக்கும் விலையில் அது தெரியும்.

செடரிடமும் அதே கேள்விதான். 85-ஆம் எண்ணைப் போலவே பெரிய இதயம் இருந்தும் எங்கேயும் போகாத குதிரைகள் எத்தனை? அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த அத்தியாயம் இவ்வளவு சுவாரஸ்யமாக இருந்திருக்காது. ஆனால் அதை நம்பி ஒரு முடிவு எடுத்திருக்கலாம்.

குதிரையின் எட்டு நீளத்தை வீடியோவில் அளப்பது பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். லாயத்திலோ கால்நடை மருத்துவத்திலோ நேரடி அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள்.