சிலந்தியும் நூலும்

1741 ஜூலை 8-இல் என்ஃபீல்டில் ஜோனதன் எட்வர்ட்ஸ் ஆற்றிய அருளுரை, பியூரிட்டன் மரபின் அச்சமூட்டும் கலைக்குத் தலைசிறந்த சான்று. அதன் வித்து, உபாகமம் 32:35 கூறும் கால்சறுக்கலே. தேக்கிய வெள்ளம், நாணேற்றிய வில், தீயின்மேல் பிடித்த சிலந்தி, சுடர் தீண்டும் மெல்லிய நூல் என உவமைகள் நெருங்கி வருகின்றன. 'பாவிகள்' என்னும் படர்க்கை 'நீங்கள்' என்னும் முன்னிலையாக மாறுவதே அதன் கூர்மை. சபையாரின் கதறலால் போதகர் இடையே நிறுத்தவேண்டியதாயிற்று.

ஆயினும், ஆட்டையாம்பட்டியில் தறியில் அமர்பவருக்கு நூல் அறுவது அன்றாட நிகழ்ச்சி. அறுந்ததை முடிந்து மேலே நெய்வார். அங்கே அவ்வுவமையை அப்படியே பெயர்த்துரைப்பவர் அச்சத்தையும் எழுப்பார்; முடிகின்ற கரத்தையும் காட்டார். கிறிஸ்து இரக்கத்தின் வாசலைத் திறந்து அழைப்பதை எட்வர்ட்ஸ் இறுதியில் சில வரிகளிலேயே கூறுகிறார். அது போதாதென்பதே எமது கருத்து.