ஊழியமும் பந்திவிசாரணையும்: திருமறைத் தமிழ் பிரித்துவைத்த ஒரு சொல்

நம் சபைகளில் ஒருவரைக் குறித்து, "அவர் ஊழியத்தில் இருக்கிறார்" என்று சொன்னால், அவர் என்ன செய்கிறார் என்று எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவர் பிரசங்கிக்கிறார் என்பதே அதன் பொருள். அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் இரவுப்பணி பார்த்த ஒரு செவிலியரைக் குறித்து அவ்வாறு சொல்வார் இல்லை. அவர் "வேலையில்" இருக்கிறார். மருத்துவமனை, விடுதி, ஊனமுற்றோர் இல்லம் ஆகியவற்றைத் திருமண்டலம் நடத்தினால் அது "சமூக சேவை". அதற்கென ஓர் அலுவலகமும், ஓர் இயக்குநரும், ஓர் ஆண்டறிக்கையும் உண்டு. இவ்வாறு நற்செய்தி கூறுதல் ஊழியக்காரரிடமும், பிறருக்கு உதவுதல் அலுவலகத்திடமும் ஒப்படைக்கப்பட்ட பின்னர், ஞாயிறுதோறும் ஆலயத்தில் வந்தமரும் இறைமக்களுக்கு எஞ்சியிருப்பது காணிக்கை படைப்பது ஒன்றே. "நீங்கள் யாவரும் தொண்டு செய்யுங்கள், சாட்சி பகருங்கள்" என்று போதகர்களாகிய நாம் எத்தனை முறை அறைகூவினாலும் அது சென்று சேராமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றினை மட்டும் இங்கே ஆராய விரும்புகிறேன். அது நாம் கையில் ஏந்தியிருக்கும் திருமறையின் சொல்லாட்சி.

பவர் ஐயரும் அவரோடிருந்த குழுவினரும் உழைத்து 1871-இல் முழுத் திருமறையாக வெளிவந்த மொழிபெயர்ப்பே, சிற்சில திருத்தங்களுடன் இன்றளவும் நம் சபைகளில் வாசிக்கப்படுகிறது. அதன் தமிழ் நம் செபத்தின் தமிழாகிவிட்டது. அதனைக் குறைகூறுவது எளிய செயலன்று. குறைகூறுவது மட்டும் என் நோக்கமும் அன்று. எனினும் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் மாணவர் எவரும் ஒரு செய்தியைக் கண்டு திடுக்கிடுவர். கைம்பெண்களுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தளிக்கும் செயலை லூக்கா "தியாக்கோனியா" என்கிறார். பந்தியில் பரிமாறுதலுக்கு அதே சொல்லின் வினைவடிவத்தை ஆளுகிறார். பின்னர் அப்போஸ்தலர் தங்களுக்கென வைத்துக்கொண்ட வசனப் பணிக்கும் அதே "தியாக்கோனியா"வையே பயன்படுத்துகிறார். நான்கு வசனங்களுக்குள் மும்முறை வருவது ஒரே சொல். தமிழிலோ முதலாவது "விசாரணை", இரண்டாவது "பந்திவிசாரணை", மூன்றாவது மட்டும் "ஊழியம்". உணவு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமுமாக நின்றுவிட்டன. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் இரு கிளைகள் என்பதைத் தமிழில் மட்டும் கேட்கும் சபையார் அறிய வழியில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பந்திவிசாரணை" அருமையான சொல். கிரேக்கத்தில் இல்லாத ஒரு நயம் அதிலே உண்டு. பந்தி விசாரிப்பவர் சமையற்காரர் அல்லர். கூலிக்குப் பரிமாறுபவரும் அல்லர். அவர் வீட்டுக்குரியவர். இலை இலையாக நடந்து, யாருக்கு என்ன குறை என்று முகம் பார்த்துக் கேட்பவர். எபிரெயருக்கு ஒரு கவனிப்பு, கிரேக்க மொழி பேசியோருக்கு ஒரு கவனிப்பு என்று எருசலேம் சபையில் நேர்ந்த குறைபாடு பந்தி விசாரிப்போர் இல்லாமையால் நேர்ந்ததே. ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல் பிழையன்று. அதற்கு அடுத்துவரும் "ஊழியம்" அதனின்று வேறானதும் உயர்ந்ததுமாக ஒலிப்பதே இடர்ப்பாடு.

மற்ற பகுதிகளிலும் இதே நிலைதான். மார்த்தாள் செய்த தியாக்கோனியா தமிழில் "வேலை". பேதுருவின் மாமி காய்ச்சல் நீங்கி எழுந்து செய்தது "பணிவிடை". அந்தியோகியா சபை யூதேயாவுக்கு அனுப்பிய பஞ்ச நிவாரணம் "உதவி". மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இடப்பக்கத்தில் நிற்போர், பசித்தவராகவும் நோயாளியாகவும் ஆண்டவரைக் கண்டபோது எதைச் செய்யாமற்போனோம் என்று வினவுகிறார்களோ அதுவும் மூலத்தில் இதே வினைச்சொல், தமிழில் "உதவி". அங்கே "ஊழியம்" என்றிருந்திருந்தால், அப்பகுதியைக் கேட்கும் ஊழியக்காரர் சற்று அஞ்சியிருப்பர் அன்றோ? பிலிப்பி சபையின் தியாக்கோனர் "உதவிக்காரர்" ஆனார்கள். பவுலும் அப்பொல்லோவும் அதே சொல்லால் குறிக்கப்படும்போது "ஊழியக்காரர்" ஆனார்கள். உணவு, நோய், பணம் என்றால் ஒரு சொல்; வசனம் என்றால் வேறொரு சொல். விலக்கு ஒன்றுண்டு: கெங்கிரேயா சபையின் பெபேயாளை நம் மொழிபெயர்ப்பாளர் "உதவிக்காரி" ஆக்காமல் "ஊழியக்காரி" என்றே எழுதினர். பெண்களை ஆயர்களாக அருட்பொழிவு செய்வது பற்றி நம் சபைகளில் நெடுநாள் நிகழ்ந்த வாதங்களில் இச்சொல்லை எத்தனை பேர் நினைவுகூர்ந்தனர் என்பது வேறு செய்தி.

ஆனால் மொழிபெயர்ப்பாளர்மீது முழுப்பழியையும் சுமத்துதல் நேர்மையாகாது. மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் 43, 44 வசனங்களைப் பாருங்கள். அங்கே ஆண்டவர் முதலில் "தியாக்கோனன்" என்றும், அதனினும் தாழ இறங்கி "தூலொஸ்", அதாவது அடிமை, என்றும் சொல்கிறார். முன்னதற்குத் தமிழ் "பணிவிடைக்காரன்", பின்னதற்கு "ஊழியக்காரன்". அம்மொழிபெயர்ப்பாளர் காதில் ஊழியக்காரன் என்பது பணிவிடைக்காரனினும் கீழானவனைக் குறித்தது. அடிமையைக் குறிக்க அவர்கள் தேர்ந்த சொல் அதுவே. அக்காலத்துத் தென்திருவிதாங்கூர் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே "ஊழியம்" என்பது ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலை. ஞாயிற்றுக்கிழமையில் ஊழியத்திற்கு அழைக்கலாகாது என்பது அங்கிருந்த முதல் தலைமுறைக் கிறிஸ்தவரின் முறையீடுகளுள் ஒன்று. சுமை தூக்கித் தோள் காய்த்துப்போன மக்கள், மனுமகன் ஊழியம் செய்ய வந்தார் என்று கேட்டபோது எதனை உணர்ந்திருப்பர்! அந்தச் சொல்லைத்தான் நாம் ஒரு நூற்றாண்டுக்குள் பட்டமாக்கிவிட்டோம். இன்று நகரச் சுவர்களில் ஊழியக்காரரின் முகம் ஆளுயரச் சுவரொட்டியாக நிற்கிறது. அவர் வந்தால் மேடையில் நடு நாற்காலி அவருக்கே. சொல் மாறவில்லை, அது வகிக்கும் இடம் தலைகீழாயிற்று. இதற்கு 1871-ஆம் ஆண்டின் அறிஞர் பொறுப்பாக முடியாது.

இறையியல் ஆய்வுலகில் தியாக்கோனியாவைக் குறித்து நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் நம் மாணவர் அறிதல் நலம். 1836-இல் தியோதோர் ஃபிலீட்னர் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தொடங்கிய தியாக்கோனிசப் பெண்கள் இல்லத்தின் மரபில், இச்சொல் தாழ்மையான பிறர்நலப் பணி என்றே விளக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் சொற்பொருள் அகராதிகளும் அவ்வழியே சென்றன. ஆஸ்திரேலியரான ஜான் காலின்ஸ் 1990-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதனை மறுத்தது. பண்டைக் கிரேக்க நூல்களில் இச்சொல் முதன்மையாகக் குறிப்பது ஒருவரால் அனுப்பப்பட்டு, அவருடைய கட்டளையை மற்றொருவரிடம் நிறைவேற்றுதல். தூது செல்லுதல், இடைநின்று கொண்டுசேர்த்தல் என்பது அவர் முடிவு. தாழ்மை என்பது சொல்லின் பொருளிலேயே அடங்கியதன்று என்றார். அவர் வாதத்தின் எல்லாப் பகுதியும் ஏற்கத்தக்கதெனத் தோன்றவில்லை. மாற்கு 10-இல் ஆண்டவர் தாழ்மையைப் பேசவில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் நம் பிரச்சினைக்கு அவர் நூல் பெருந்துணை புரிகிறது. உணவைக் கொண்டுசேர்ப்பதும் செய்தியைக் கொண்டுசேர்ப்பதும் அனுப்பியவர் ஒருவரே ஆனால் ஒரே வகைப் பணியாகின்றன. லூக்கா அவ்வாறுதான் கண்டார் எனலாம். பந்திக்கென நியமிக்கப்பட்ட எழுவரில் ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே நெடிய உரை நிகழ்த்தி உயிர்துறக்கிறார். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கிக்கிறார். 21-ஆம் அதிகாரத்தில் செசரியாவிலுள்ள தம் வீட்டில் பவுலுக்கு விருந்தளிக்கும்போது, "சுவிசேஷகன்" என்றும் "எழுவருள் ஒருவன்" என்றும் ஒருங்கே அழைக்கப்படுகிறார். அவர் வசனத்திற்கு உயர்ந்தபின் பந்தியை விட்டுவிட்டார் என்று லூக்கா எழுதவில்லை.

எபேசியர் 4:12 இதனினும் முக்கியமானது. குருத்துவ அருட்பொழிவு ஆராதனைகளில் நாம் விரும்பி வாசிக்கும் பகுதி அது. மூலத்தில் இருப்பது "தியாக்கோனியாவின் வேலைக்காக" என்பது மட்டுமே. தமிழில் அது "சுவிசேஷ ஊழியத்தின் வேலை" ஆகியிருக்கிறது. "சுவிசேஷ" என்னும் அடைமொழி மொழிபெயர்ப்பாளரின் கொடை. மேலும், தூய மக்களைச் சீர்ப்படுத்துவது எதற்காக? அவர்கள் தொண்டாற்றுவதற்காக என்பதே இன்று பெரும்பாலான உரையாசிரியர் கொள்ளும் பொருள். தமிழிலோ மக்களைச் சீர்ப்படுத்துவது தனியே, ஊழியம் தனியே, சபையைக் கட்டுவது தனியே என மூன்றும் போதகரின் கடமைகளாக வரிசையில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் இதே தடுமாற்றம் இருந்தது. 1946-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் இவ்விடத்தில் நின்ற ஒரு காற்புள்ளி 1971-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. ஒரு காற்புள்ளி நீங்கியதும் தொண்டு போதகரின் கையிலிருந்து மக்களின் கைக்குச் சென்றது. நம்மிடையே கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்தைத் தெளிவாக்கியிருக்கிறது. இறைமக்களே அங்கு திருத்தொண்டுக்கு ஆயத்தமாக்கப்படுகின்றனர். நடபடிகள் 6-இலும் பந்திக்கும் வார்த்தைக்கும் "பணி" என்னும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம் பிரசங்க மேடைகளில் அது ஏறவில்லை. பழக்கத்தின் வலிமை பெரிது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். தொண்டையும் நற்செய்தியையும் ஒரே சொல்லில் பிணைத்தால், சோற்றைக் காட்டி ஆள் சேர்க்கிறோம் என்னும் பழிக்கு நாமே இடங்கொடுக்கிறோம் அல்லவா என்பது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே நிறுவனங்களில் சாட்சியைப் பற்றி வாய்திறவாதிருப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் அச்சத்தை நான் இகழவில்லை. ஆனால் இக்கேள்விக்குத் தெலுங்கு நாட்டில், ஓங்கோலில், ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தில், அமெரிக்க பாப்டிஸ்து மிஷனரியான ஜான் கிளஃப் பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேற்பட்ட தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து பெற்றார். பட்டினியால் வாடிய மக்களுக்கு இலவசச் சோறு போடாமல் கூலி கொடுத்தார். அவருடைய தெலுங்குப் பிரசங்கிமாரே அங்கே மேற்பார்வையாளர்; இளைப்பாறும் வேளைகளில் கூலிகளோடு தரையில் அமர்ந்து பேசியவர்களும் அவர்களே. ஞானஸ்நானம் கேட்டோர் திரளாயிருந்தனர். பஞ்ச நிவாரணம் நடந்த காலமெல்லாம் கிளஃப் அதனைக் கொடுக்க மறுத்தார். கொடுக்கப் பணமில்லை என்ற நிலை வந்த பின்னரே இசைந்தார். 1878 ஜூலை 3 அன்று மட்டும் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

இந்நிகழ்ச்சியை எண்ணிக்கைக்காக மேற்கோள் காட்டுவது நம் மிஷனரிக் கூட்டங்களின் வழக்கம். எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த மறுப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கிளஃப் தொண்டையும் சாட்சியையும் வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கவில்லை. மண்வெட்டியைக் கணக்கெடுத்தவரும் நற்செய்தி சொன்னவரும் ஒருவரே. கூலி பெறுவதற்கும் விசுவாசிப்பதற்கும் இடையிலான தொடர்பை மட்டும் அறுத்தார். நாம் செய்வதோ நேர்மாறு: ஆட்களைப் பிரித்துவிட்டுத் தொடர்பை வைத்துக்கொள்கிறோம். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைகளை வாசித்தோர் இதனை அறிவர். தொண்டு அலுவலகத்தார் நட்ட தையல் இயந்திரங்களின் எண்ணிக்கையும், ஊழியக்காரர் அறுத்த ஆத்துமாக்களின் எண்ணிக்கையும் அங்கே ஒரே பக்கத்தில் அச்சாகின்றன.

"சாட்சி" என்னும் சொல்லுக்கும் ஏறத்தாழ இதே கதி நேர்ந்திருக்கிறது. நீதிமன்றத்தில் நின்று தான் கண்ட பிறிதொருவரைக் குறித்து, தனக்கு இடர் நேரினும் உரைப்பதே அச்சொல்லின் பொருள். நம் கூட்டங்களில் அது எனக்கு வேலை கிடைத்தது, எனக்கு வீடு கிடைத்தது என்பதாகச் சுருங்கிற்று. நன்றி கூறுதல் நன்றே. அதற்கு ஸ்தோத்திரம் என்ற சொல் இருக்கிறது.

1900-இல் ஒரே படுக்கையுடன் வேலூரில் மருத்துவப்பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், பின்னர் எழுந்த கல்லூரிக்கு மாற்கு 10:45-ஐயே குறிக்கோள் வாசகமாக்கினார். நம் சபையார் ஊழியம் என்று கேட்டதும் ஒலிபெருக்கியை நினைக்கிறார்கள். அம்மையார் கட்டில்களை நினைத்தார். அவ்வசனத்தைப் பிரசங்கிக்கும் நம்மில் பலர் அந்தக் கட்டில்களைக் குறிப்பிடாமலே முடித்துவிடுகிறோம்.

இதனைச் சீர்செய்யப் புதிய மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நடபடிகள் 6-ஐ வாசிக்கும் ஞாயிறன்று, மூன்று இடத்திலும் மூலச்சொல் ஒன்றே என்று போதகர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நம் இறையியல் கல்லூரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. வார இறுதிப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர் எத்தனை பிரசங்கம் செய்தார், எப்படிச் செய்தார் என்று படிவத்தில் கேட்கிறோம். திருநெல்வேலிச் சீமையில் அசனப் பண்டிகை நடக்கும் சபைக்கு அவரை அனுப்பினோமானால், அன்று அவர் மேடையில் இருந்தாரா, பந்தி விசாரித்தாரா என்றும், கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்கள் யார், அவர்களுக்குக் கறி மிஞ்சியிருந்ததா என்றும் அதே படிவத்தில் கேட்கலாம். அக்கேள்விக்கு இதுவரை நம் படிவங்களில் இடமில்லை.