பூட்டுத் தொங்கும் கதவுகளும் ஒரு தச்சரும்

அப்பாஸ் கியாரொஸ்தமியை (1940–2016) நம்மில் பலர் சினிமாக்காரராகத்தான் அறிவோம். அவர் கவிஞரும்கூட. ‘ஹம்ராஹ் பா பாத்’ தொகுப்பில் உள்ளவை ஒரு மூச்சில் வாசித்து முடிகிற சின்னஞ்சிறு கவிதைகள். பனி, மரம், விலங்கு, காற்று, அவ்வளவுதான் சாமான். ‘ஏன், எதற்கு’ எண்டு ஒரு சொல் விளக்கம் கிடையாது. அவருடைய புகைப்படங்களைப் பார்க்கிற ஆள் இதை மனசில வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பனிப் படங்களை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளை. வயலும் வரம்பும் மூடுண்டு, நாலு அடிமரமும் அவற்றின் நிழலும் மட்டும் மிஞ்சும். கவிஞன் வேண்டாத சொல்லை வெட்டுவது மாதிரி, பனியே இவருக்கு வெட்டிக் கொடுக்கிறது. அழகுதான். ஆனால் பத்துப் படம் தாண்டினால் எனக்குச் சலிக்கிறது. அந்த மண்ணில் பாடுபடுகிறவன் எங்கே எண்டு கேட்கத் தோன்றுகிறது.

பாதைப் படங்கள் அப்படியல்ல. மலைச்சரிவில் வளைந்தேறும் பாதை ஆளில்லாமலே ஆளைச் சொல்லும். கால் பட்டுப் பட்டுத்தானே பாதை! (‘நண்பனின் வீடு எங்கே?’ படத்தில் பையன் ஓடியேறும் அந்தப் பிரபலமான வளைபாதை, படத்துக்காகவே உண்டாக்கப்பட்டது என்பது வேறு கதை.)

என்னைப் பிடித்து நிறுத்துபவை கதவுகள். ஈரான், மொறொக்கோ, இத்தாலி, பிரான்ஸ் என்று அலைந்து பல வருடமாக எடுத்த பழைய கதவுகளை, 2015 இறுதியில் ரொறன்ரோ ஆகா கான் அருங்காட்சியகத்தில் ‘சாவியில்லாக் கதவுகள்’ என்று காட்சிக்கு வைத்தார். கதவின் அசல் உயரத்திலேயே கன்வஸ் துணியில் அச்சிட்டவை. நான் கண்டது அச்சில் வந்த சிறிய பிரதிகளைத்தான். கமரா நேருக்கு நேர் நிற்கிறது. உதிர்ந்த சாயம், துருவேறிய ஆணி, மரத்தின் ரேகை. ஆர் வாழ்ந்த வீடு என்பதைப் படம் சொல்லாது.

சில கதவுகளில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்குகிறது. வெளியில் பூட்டுப் போட்டவர் திரும்பி வருகிற எண்ணத்தோடு போனவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்களின் வீடுகளை அறிந்த ஒருவருக்கு, இந்தப் படங்களை ‘பழமையின் அழகு’ எண்டு கடந்துபோக ஏலாது. தபாலட்டைப் படத்துக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் அந்தப் பூட்டிலதான் இருக்கு.

ஆனாலும் ஒரு குறை சொல்வேன். அருங்காட்சியகச் சுவரில் ஏறிய கதவுகளுக்கு, அவற்றைச் செய்த கையைக் காணோம். 1987இல் வெளிவந்த ‘நண்பனின் வீடு எங்கே?’ படத்தில் அந்தக் கை இருந்தது. கிழத் தச்சர் ஒருவர் இரவில் பையனை மெள்ள மெள்ள ஒழுங்கை வழியே கூட்டிப்போய், தான் செய்த கதவு ஜன்னல்களைக் காட்டுகிறார். சனங்கள் மரக்கதவைக் கழற்றிவிட்டு இரும்புக்கு மாறுகிறதைச் சொல்லி ஆதங்கப்படுகிறார். கவிஞர் எடுத்த கதவுப் படங்களை அந்தக் கிழவரோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை எனக்கு முழுசாகின்றன. அதே படத்தில் இரும்புக் கதவு விற்கிறவனும் வருகிறான். எழுத ஒரு தாள் வேணுமென்று, பையன் நண்பனிடம் சேர்க்கக் கொண்டோடும் கொப்பியிலிருந்தே கிழித்தெடுக்கிறான்.