தீவகமும் பிரமுகர்களும்

யாழ்ப்பாணத்திலே மலர் வெளியிடாத ஊர் அரிது. கோயிற் குடமுழுக்கு, பாடசாலை நூற்றாண்டு, சனசமூக நிலையத்தின் வெள்ளிவிழா, கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் ஊரவர் சங்கத்தின் ஆண்டு நிறைவு என ஏதேனுமொன்றை முன்னிட்டு ஒரு மலர் வெளிவந்துவிடும். தீவகம் இதற்கு விலக்கன்று. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களின் மலர்களைத் தொடர்ந்து படித்துவருவோர், அவற்றுக்கென ஓர் அமைப்பு நிலைபெற்றுவிட்டதைக் காண்பர். முதலில் ஆசியுரைகளும் வாழ்த்துரைகளும். அடுத்து ஊரின் பழம்பெருமை. அதனையடுத்து ‘எமது மண் ஈன்ற பெருமக்கள்’, ‘எம்மூருக்கு வருகைதந்த பெரியோர்’ என்னும் பட்டியல்கள். இறுதியில் நன்றி நவிலல்.

திறனாய்வாளர் இம்மலர்களைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், நாவலோ கவிதைத் தொகுதியோ புகாத வீட்டிலும் ஊர் மலர் ஒன்று பெட்டகத்தினுள் பத்திரமாக இருக்கும். ஒரு சமூகம் தன்னைப்பற்றித் தானே எழுதித் தன் பிள்ளைகளுக்குக் கையளிக்கும் நூல் அதுவே. ஆகவே, அந்நூல் எவரைப் பெரியோர் எனக் கற்பிக்கின்றது, எந்த அளவுகோலைக் கொண்டு கற்பிக்கின்றது என வினவுவது இலக்கிய விசாரணையேயாகும்.

தீவகம் யாழ்ப்பாண நகரின் வாயிலிலே அமைந்துள்ளது. பண்ணையிலிருந்து பரவைக் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதி மண்டைதீவையும் வேலணையையும் நகரோடு இணைக்கின்றது. வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. குறிகட்டுவானில் வீதி முடிவடைய, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறுகின்றனர். நெடுந்தீவுக்கான கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். நகரத்துக்கு இத்துணை அண்மையில் இருந்தும் தூரத்து ஊராகவே கருதப்படுவது தீவகத்தின் விதியாயிற்று. நகரிலிருந்து எவரேனும் வந்தால் அது செய்தியாவதும், இங்கிருந்து நாள்தோறும் நகருக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் செய்தியாகாததும் இதன் விளைவே.

மலர்களிற் காணப்படும் புகைப்படங்கள் இதற்குச் சான்று பகரும். இறங்குதுறையில் மாலையணிந்து நிற்பார் அமைச்சர். அவரைச் சூழ்ந்து நிற்பர் ஊர்ப் பெரியவர்கள். படகின் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்பவனின் கை மாத்திரம் சில படங்களின் ஓரத்திலே தெரியும். கை தெரிகின்றது, ஆள் தெரிவதில்லை. அக்கை தளர்ந்திருந்தால் அமைச்சர் கடலிலே விழுந்திருப்பார் என்பதை மலர் ஆசிரியர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீவகத்துக்கு வெளியார் வருகை புதிதன்று. மணியாசனம் ஒன்றன் பொருட்டுப் போரிட நின்ற நாக அரசர் இருவரின் பிணக்கைத் தீர்ப்பதற்காகப் புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளினார் என மகாவம்சம் கூறும். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. அம்மணிபல்லவத்திலேதான் மணிமேகலை அமுதசுரபியைப் பெறுகின்றாள். இவை ஐதிகங்களே. ஆயினும் அவற்றைப் புனைந்தோர் வைத்த நெறியொன்று ஈண்டு நோக்கற்பாலது. அவ்வைதிகங்களில் ஒருவர் போரைத் தடுக்க வருகின்றார். மற்றொருவர் ஏழைகளின் பசி தீர்க்கும் பாத்திரத்தோடு திரும்புகின்றார். வந்தவரின் பெருமை வந்த காரியத்தினால் அளக்கப்பட்டது.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் நிலைமை மாறுகின்றது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து சேரவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசனது பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றிய கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி என்பது அதன் ஏற்பாடு. வந்தோரின் பொருளையும் அரசின் பங்கையும் பற்றி இத்துணைத் திட்டமாகப் பேசும் அச்சாசனத்திலே, உடைந்த கலத்திலிருந்து கரைசேர்ந்தோருக்குக் கைகொடுத்த கரையோர மக்களைப் பற்றிய பேச்சில்லை. பின்னர் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இத்தீவுகளுக்கு இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் இன்றும் ஆங்கில ஆவணங்களில் நிலைத்துள்ளது. கல்வெட்டின் பார்வையும் ஒல்லாந்தரின் பார்வையும் வெளியிலிருந்து வந்தோரின் பார்வை. எமது மலர்கள் எழுதப்படுவதோ உள்ளிருந்து. அங்ஙனமிருந்தும் அதே பார்வையை அவை மேற்கொள்வதுதான் எமது கவலைக்குக் காரணம்.

அண்மைய நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். தென்னிந்தியத் திரையுலகில் பெரும்புகழ் ஈட்டி அரசியலிற் புகுந்த நடிகர் விஜய், 2025 ஓகஸ்ட் 21 ஆம் நாள் மதுரை மாநாட்டிலே, கச்சதீவை மீட்டுத் தரவேண்டுமெனக் கோரினார். 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இலங்கையின் எல்லைக்குட்பட்ட அத்தீவு, நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்போர் எவருமிலர். அந்தோனியார் திருவிழாவுக்கு இருகரையிலிருந்தும் யாத்திரிகர் செல்வர். மதுரைப் பேச்சு முடிந்து இரு வாரங்கள் கழியுமுன்னர், செப்டெம்பர் 1 ஆம் நாள், சனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டி, அன்றே கச்சதீவுக்கும் சென்றார். பதவியிலிருக்கும் இலங்கைச் சனாதிபதி ஒருவர் அங்கு கால்வைத்தது அதுவே முதன்முறை.

இருகரைப் பத்திரிகைகளும் பல நாட்கள் இவ்விருவரைப் பற்றியே எழுதின. ஆளில்லாத தீவைப் பற்றி இத்துணைப் பேச்செழுந்தபோது, ஆள் வாழும் நெடுந்தீவைப் பற்றி எத்துணைப் பேச்செழுந்தது? இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதால் வலையிழந்து நிற்பவன் தீவகத்துக் கடற்றொழிலாளி. இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஆம் ஆண்டிலே இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் வந்தபின்னரும் அவனது வலை அறுபடுவது நிற்கவில்லை. எதிர்க்கரையிலே இழுவைப் படகிற் கூலிக்குச் சென்று கைதாகிச் சிறையிருப்பவனும் ஏழையே. படகின் முதலாளி கரையிலே இருக்கின்றான். இருகரை ஏழைகளுக்குமிடையே மூட்டப்பட்ட இப்பிணக்கைத் தீர்ப்பதற்கு மேடை முழக்கமும் போதாது, கரையில் இறங்கி நின்ற காட்சியும் போதாது. நாகதீபத்து ஐதிகத்தை அளவுகோலாகக் கொண்டால், பிணக்கைத் தீர்க்க வந்தவர் இன்னும் வந்து சேரவில்லை என்றே கூறவேண்டும்.

மண்டைதீவு அரங்கையும் நாம் இகழவில்லை. தீவகத்து இளைஞனுக்கு விளையாட்டரங்கு வேண்டாம் என்பது எமது கட்சியன்று. ஆனால், 1990 ஆம் ஆண்டிலே அதே தீவிற் காணாமற்போனோரின் உறவினர், அங்குள்ள கிணறுகளை அகழ்ந்து பார்க்கவேண்டுமெனக் கோரியுள்ளனர். அடிக்கல் நாட்டுவிழாவின் புகைப்படம் அடுத்த மலரின் முதற்பக்கத்தை அலங்கரிக்கும் என்பதில் ஐயமில்லை. அவ்வுறவினரின் கோரிக்கை எந்தப் பக்கத்திலே இடம்பெறும்?

“பிரமுகர் வந்தாலன்றோ வீதிக்குத் தார் வருகிறது, துறைக்கு விளக்கு வருகிறது?” எனச் சிலர் வினவக்கூடும். அனுபவம் பேசும் வினா இது. இதனை எள்ளி ஒதுக்கலாகாது. எனினும் ஒருவரது வருகையால் வரும் தார், அவர் செல்லும் பாதையளவிலேயே பூசப்படுகின்றது. முருகைக்கற் பாறை மீது மழைநீர் மென்படையாகத் தங்கிநிற்கும் தீவுகளில் நன்னீர் அருமையானது; கூடுதலாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். குடிநீர், கடல் கடந்து கொண்டுசெல்லப்படும் நோயாளி, படகு தவறினால் பாடம் தவறும் மாணவன் முதலான பிரச்சினைகள் ஒருநாள் வருகைக்குள் அடங்குவன அல்ல. மக்கள் ஒன்றுபட்டு உரிமையாகக் கேட்பதையே மக்கள் காத்துக்கொள்ளவும் முடியும்.

இனி, ‘மண் ஈன்ற பெருமக்கள்’ பகுதிக்கு வருவோம். தனிநாயகம் அடிகளின் பெயர் இல்லாத ஊர்காவற்றுறை மலரை நாம் கண்டதில்லை. 1913 ஆம் ஆண்டு கரம்பனிலே பிறந்த அவர், 1952 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘தமிழ்க் கலாசாரம்’ என்னும் ஆய்விதழை நடத்தினார். 1966 ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுதற்கு முதன்மையாக உழைத்தார். 1679 ஆம் ஆண்டு அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966 இலே மீண்டும் பதிப்பித்துத் தந்தவரும் அவரே. மலர்களோ அவரது பட்டங்களையும் படத்தையும் அச்சிடுவதோடு அமைகின்றன. அவர் என்ன எழுதினார், அதனைத் தீவகத்து மாணவன் எங்கே பெற்றுப் படிக்கலாம் என்பது பற்றி ஒருவரி இல்லை. அறிஞன் ஊருக்கு ஆபரணமாகின்றான். அவனது அறிவு ஊருக்கு உடைமையாவதில்லை. பிரமுகர் வழிபாடு பிரமுகருக்கும் நியாயஞ் செய்வதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

புகழோடு ஊரை விட்டகன்றவர் பலர். ஊரிலேயே நின்று ஊரோடு மோதியவர் ஒருவர் உளர். புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் 1935 இலே பிறந்தவர், பேராதனையிற் பயின்றவர், ஆசிரியர், ‘புதுயுகம் பிறக்கிறது’ என்னும் சிறுகதைத் தொகுதியின் ஆசிரியர். 1971 ஆம் ஆண்டிலே புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் சூழலிலுள்ள நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்திலே அவர் முன்னின்றார். பொலிசாரின் தாக்குதலுக்கும் உள்ளானார். நாற்பது வயதை எட்டுமுன்னரே, 1973 இல், மறைந்தார்.

இவ்விடத்தில் எமது அணியைப் பற்றியும் உண்மை பேசுதல் கடன். முற்போக்கு விமரிசகரைத் தளையசிங்கம் கடுமையாகச் சாடினார். எம்மவரும் அவரை ஆன்மிகவாதி எனவும் கருத்துமுதல்வாதி எனவும் கூறி ஒதுக்கினர். அவரது மெய்யியலை நாம் இன்றும் ஏற்கின்றோமல்லோம். ஆனால், சாதியத்துக்கெதிராக எழுதியோர் பலருள், தண்ணீருக்காகத் தம் சொந்த ஊரின் உயர்சாதியாரை எதிர்த்து நின்று அடிவாங்கியோர் எத்தனைபேர்? மனிதனை அவன் நின்ற இடத்தைக்கொண்டு அளக்கவேண்டும் என்பது எமது கோட்பாடேயன்றோ? அவ்வளவுகோலை நாமே கைவிட்டோம். ஊர் மலர்கள் பதவியைப் பார்த்து அளந்தன எனில், நாம் அணியைப் பார்த்து அளந்தோம். இரண்டும் குற்றமே.

தற்காலத்தில் தீவகத்தின் பெயர் உலக மேடையில் ஒலித்த வேளையும் உண்டு. அல்லைப்பிட்டியிற் பிறந்து பிரான்சிலே அகதியாக வாழ்ந்த எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரமேற்று நடித்த ‘தீபன்’ திரைப்படம், 2015 ஆம் ஆண்டு கான் விழாவிலே தங்கப்பனை விருதைப் பெற்றது. அவரது அரசியற் கருத்துக்களோடு உடன்படாதோர் பலர். எனினும் ‘கொரில்லா’ நாவல் முதலாக அவர் தீவகத்தின் பெயரற்ற மனிதரையே எழுதிவந்துள்ளார் என்பதை மறுத்தற்கில்லை. மலர்களிற் கையாக மாத்திரம் தெரிந்த மனிதன் அக்கதைகளில் முகத்தோடு வருகின்றான். தீவகத்தாரின் புகழ் தீவகத்துக்குப் பயன்படும் வழிகளுள் இதுவுமொன்று.

1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே முப்பதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவருட் குழந்தையும் இருந்தது. அவர்களுள் எவரும் பிரமுகரல்லர். அன்றாட அலுவலின் பொருட்டுக் கடல் கடந்த சாதாரண மக்கள். அவர்தம் பெயர்களை நினைவு நாளில் நெடுந்தீவு வாசித்து வருகின்றது. மக்கள் தாமாக விரும்பிக் காக்கும் பெயர்ப்பட்டியல் எத்தகையது என்பதை மலர் ஆசிரியர்கள் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

எனவே, தீவகத்து ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் ஒன்று கேட்போம். அடுத்த மலர் உங்கள் கைகளிலேயே தொகுக்கப்படவிருக்கின்றது. வருகைதந்தோர் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் வந்ததனால் ஊரில் மாறியது யாது என ஒருவரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையாயின் அவ்விடத்தை வெறுமையாக விடுங்கள். நெடுந்தீவுப் படகைப் பல்லாண்டு செலுத்தியவர், மருத்துவர் இல்லாத இரவிற் பிரசவம் பார்த்த மூதாட்டி, பொதுக்கிணற்றை வெட்டியவர், அக்கிணற்றில் நீரள்ள முதன்முதலில் வாளியோடு சென்றவர் ஆகியோரை நாடிச் சென்று, அவர் கூறுவதைக் கேட்டு எழுதுங்கள். இன்று எழுதாவிடில் சிலரது வரலாறு அவரோடேயே மறைந்துவிடும்.

அம்மலரின் புகைப்படத்திலே கயிறு பிடித்து நிற்பவரும் முழுமையாகத் தெரியட்டும். அவரது பெயர் படத்தின் கீழ் அச்சாகட்டும்.