கோர்வையைச் சோதிப்பது

2020 ஆகஸ்டில், இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸின் 5.5ஆம் பதிப்பு வந்தபோது, பழைய ஜேகுவரி நிரல்களைத் தாங்கிக்கொண்டிருந்த ‘ஜேகுவரி மைக்ரேட்’ வழக்கமான ஏற்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. பல தளங்களில் பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. அந்தத் தளங்களில் நிறுவியிருந்த கூடுதல் வசதி நிரல்களான பிளகின்களில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. பிஎச்பி செயற்கூறுகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டுகள் அன்றும் பச்சையே காட்டியிருக்கும். உலாவியைத் திறந்து, பட்டனை அழுத்தி, அடுத்த பக்கம் வருகிறதா என்று பார்க்கும் செயல்பாட்டுச் சோதனைக்குத்தான் இந்தக் கோளாறு சிக்கும். பிளகின்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. உரிமையாளர் தூங்கும்போதே தளத்தின் உள்கட்டு மாறிவிடலாம்.

காஞ்சிபுரத்தின் பாலாற்றங்கரைச் செவிலிமேட்டில், பட்டு நெய்பவரிடம் இதை விளக்கச் சிரமப்பட வேண்டாம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். உடல் நன்றாக இருக்கலாம், கரையும் நன்றாக இருக்கலாம். இரண்டும் பிணைந்த இடம் தாங்குமா என்பது வேறு கேள்வி. செயல்பாட்டுச் சோதனையின் பெரும்பலம், அது அந்த இடத்தைப் பார்க்கிறது என்பதே.

ஆனால் யாருடைய கோர்வையை? பட்டு விற்கும் சிறு கடை, வேர்ட்பிரஸின் விற்பனைப் பிளகினான வூகாமர்ஸில் தளம் அமைத்தால், பணம் வாங்க ஒன்று, கூரியருக்கு ஒன்று, ஜிஎஸ்டி பில்லுக்கு ஒன்று என்று பிளகின்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றையும் எழுதியவர் பெரும்பாலும் தன் பிளகினை மட்டும் நிறுவிய வெற்றுத் தளத்தில் சோதிக்கிறார். இருபது பிளகின்களை இயக்கியும் நிறுத்தியும் பார்க்க 10,48,576 சேர்க்கைகள் உண்டு. அத்தனையையும் யாராலும் ஓட்ட முடியாது. அதற்காக எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு: சோதனைக்குக் கொடுக்கும் மாதிரித் தரவு. ஆங்கிலப் பெயரும் சிறிய விலையும் கொண்ட டி-ஷர்ட்டை வைத்துச் சோதனை தேறிவிடுகிறது. ‘கோர்வை’ என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள், யுடிஎஃப்-8இல் 18 பைட்டுகள். தலைப்பைச் சுருக்கும் பிளகின் ஐந்தாம் குறியோடு வெட்டினால் ‘கோர்வ’ என்று நிற்கும். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே சிதறலாம். 1,25,000 ரூபாய்ச் சேலையை பிஎச்பியின் வழக்கமான எண் வடிவமைப்பு 125,000 என்று காட்டும். இவை அற்பமல்ல. லட்ச ரூபாய்ப் பொருளை முகம் தெரியாத கடையில் வாங்குபவர் முதலில் பார்ப்பதே பெயரையும் விலையையும்தான்.

பணம் செலுத்தும் கட்டத்தில் செயல்பாட்டுச் சோதனை இன்னும் பலவீனமானது. சோதனைச் சூழலில் வெற்றி அல்லது தோல்வி உடனே வந்துவிடும். நிஜ யுபிஐயில் பணம் கழிந்தும் பதில் வராமல் இழுக்கும் நிலை உண்டு. அப்போது ஆர்டர் பதிவாகிறதா, அதே சேலை இன்னொருவருக்கும் விற்றுப்போகிறதா? தறியில் ஒன்றே ஒன்றாக வந்த சேலைக்கு இது உயிர்க்கேள்வி. இதற்குச் சோதனை எழுதலாம், தாமதமான பதிலைப் போலியாக அனுப்பிப் பார்க்கலாம். எழுதுவோர்தான் குறைவு. உலாவிச் சோதனைகள் மெதுவானவை, பக்கம் சற்றுத் தாமதித்தாலே பொய்யாகத் தோற்பவை என்ற புகார் நியாயமானதே. அந்தச் சலிப்பில் சிவப்பைக் கண்டும் ‘மறுபடி ஓட்டு’ என்று தள்ளிவிடுகிறார்கள். அப்போது சோதனை இருந்தும் பயனில்லை.

2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6, தானியங்கிப் புதுப்பிப்பால் தளம் பிஎச்பி பிழையில் நின்றுவிட்டால் பிளகினைப் பழைய பதிப்புக்குத் திருப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முகப்பு திறந்து, ‘வாங்கு’ பட்டன் மட்டும் செத்திருந்தால் அதற்குத் தெரியாது.

ஆகவே நூறு சோதனைகள் வேண்டாம் என்பதே என் கருத்து. கடையின் நகலில், அதே பிளகின்களோடு, தமிழ்ப் பெயரும் லட்ச விலையும் கொண்ட ஒரு சேலையைத் தேடி, கூடையில் போட்டு, தாமதமான யுபிஐ பதிலோடு வாங்கி முடிக்கும் ஒரே ஒரு சோதனை போதும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன் அதை ஓட்ட வேண்டும். உலாவிச் சோதனை எழுத உதவும் பிளேரைட் இலவசம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே பேசிவருகிறார்கள். இந்தச் சோதனையையும் அதற்கான தமிழ்த் தரவையும் அவர்களைப் போன்றோர் ஒருமுறை எழுதிப் பொதுவில் வைத்தால், நிரலாளரை அமர்த்த வசதியில்லாத நெசவுக் குடும்பத்தின் கடைக்கும் அது கிடைக்கும்.