சினமும் கண்ணீரும்: செர்கோ சக்கரியாட்ஸேயின் நடிப்பு

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்பர் தமிழிலக்கணத்தார். ஒரு நடிகரின் தரத்தை அளக்க இதனினும் சிறந்த கோல் இல்லை. ஜார்ஜிய நடிகர் செர்கோ சக்கரியாட்ஸேயின் கலையை இக்கோல் கொண்டு நோக்குவது பொருத்தமாகும்.

1909-இல் பாக்கு நகரில் பிறந்த இவர், திபிலிசியின் மர்ஜானிஷ்விலி, ருஸ்தவேலி ஆகிய இரு பெரும் நாடக அரங்குகளிலும் புகழ் ஈட்டினார். சோபோக்கிளீசின் ஈடிப்பசு மன்னனாக மேடையேறினார். 1958-இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் என்னும் உயர் பட்டம் பெற்றார். மன்னனாக மேடையை ஆண்டவரை உலகம் அறிந்ததோ ஓர் உழவனாக.

1964-இல் ரேசோ செக்கெய்ட்ஸே இயக்கிய ‘ஒரு போர்வீரனின் தந்தை’ என்னும் படமே அது. ககேத்தி வட்டாரத்துத் திராட்சை உழவர் கியோர்கி மகராஷ்விலி, காயமுற்ற மகனைக் காண மருத்துவமனைக்குச் செல்கிறார். மகனோ போர்முனைக்குத் திரும்பிவிட்டான். முதியவர் ஊர் திரும்பவில்லை. படையில் சேர்ந்து மகனைத் தேடி ஜெர்மனி வரை நடக்கிறார்.

இக்கதையில் ஒரு குறை உண்டு. இலட்சக்கணக்கானோர் மோதும் பெரும்போரில் தந்தை தன் மகனையே கண்டடைவது நம்புதற்கரியது. இறுதிக் காட்சியில் ஒரே கட்டடத்தில் இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கின்றனர். பின்னர்த் தந்தையின் கையிலேயே மகன் உயிர் பிரிகிறது. கண்ணீரை வருவிக்கவே அமைந்த சூழல் இது. பார்ப்போர் அழுகின்றனர். ஆயினும் நடிகரின் பெருமை இக்காட்சியில் மட்டும் அடங்கிவிடவில்லை.

அதற்கு முன்னரே வருகிறது திராட்சைத் தோட்டக் காட்சி. பகைவர் நாட்டு மண்ணில் கொடிகளை நசுக்கிச் செல்ல முனைகிறது சோவியத் படையின் டாங்கி ஒன்று. முதியவர் அதன் முன் பாய்ந்து மறித்து, இளம் வீரனைச் சினந்து கொள்கிறார். மனிதர் மடியும் போரில் கொடிக்காகச் சினப்பது பொருந்துமோ என்று கேட்கலாம். வெகுளி பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்றாகக் குடிகோளைத் தொல்காப்பியம் கூறும். சுற்றத்திற்குக் கேடு சூழ்வதும் அதனுள் அடங்கும் என்பது உரை. இவ்வுழவர்க்குக் கொடியும் சுற்றமே. வளர்க்கத் தெரிந்தவன் அழிக்கக் கூசுவான். அது பகைவன் நட்டதாயினும் ஆகுக. இப்பேருண்மையைச் சொற்பொழிவு ஆக்காமல், பதறும் உடலாலும் தடுமாறும் குரலாலும் உணர்த்தியதே சக்கரியாட்ஸேயின் வெற்றி. இங்குச் சிந்தாத கண்ணீரே, மகன் மடியும்போது வழிகிறது. ஆதலின் அவ்வழுகை செயற்கையாகத் தோன்றவில்லை. கதையின் குறையை நடிப்பு மூடிவிடுகிறது.

1965-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசும், 1966-இல் லெனின் பரிசும் இவ்வேடத்தால் இவரை வந்தடைந்தன. 1970-இல் வெளிவந்த ‘வாட்டர்லூ’ படத்தில் பிரசியத் தளபதி புளூக்கராகவும் தோன்றினார்.

எனினும் தந்தை வேடத்திற்கு இணை வைக்கத்தக்கது, கியோர்கி தனேலியாவின் ‘வருந்தாதே’ (1969) படத்தில் இவர் ஏற்ற முதிய மருத்துவர் வேடமாகும். சாவு நெருங்குவதை உணர்ந்த மருத்துவர், உயிரோடிருக்கும்போதே நண்பர்களை அழைத்துத் தம் இறுதி விருந்தை நடத்துகிறார். அங்கே சினத்தின் அடியில் அன்பு இருந்தது போல, இங்கே நகையின் அடியில் துயரம் இருக்கிறது. ஒரு மெய்ப்பாட்டைக் காட்டி மற்றொன்றை உணரவைக்கும் திறன் இரண்டிற்கும் பொது. ஈராண்டு கழித்து, 1971-இல் சக்கரியாட்ஸே மறைந்தார்.

ககேத்தியின் குர்ஜானி நகரில் அப்போர்வீரனின் தந்தைக்குச் சிலை எழுப்பியுள்ளனர். அதன் முகம் சக்கரியாட்ஸேயின் முகம். மேடையில் மன்னனாய் நின்றவரைத் தம் மண்ணின் உழவனாகவே மக்கள் நிலைநிறுத்தினர். ஒரு நடிகர்க்கு இதனினும் உயர்ந்த திறனாய்வு வேறில்லை.